முழங்கால் உயரம்

மரச் சாரத்தைப் பிரித்த மறுநாள் காலை டாமரிஸ் ஆற்றுக்குள் இறங்கி, புதுப் பாலத்துக்கு நேர் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். செப்டம்பர் மாதம். ஹெஸ்கில் ஆறு கூழாங்கற்களுக்கு நடுவே கணுக்கால் அளவுதான் ஓடியது. இந்தப் பக்கப் பாறையிலிருந்து கிளம்பிய கல் வளைவு அவள் தலைக்கு மேல் மூன்று ஆள் உயரத்துக்கு எழும்பி, அந்தப் பக்கப் பாறையில் போய் இறங்கியது. நேற்று வரை அதைத் தாங்கிய மரமெல்லாம் கரையில் குவிந்து கிடந்தது. கீழே ஒரு தூண் இல்லை, ஒரு முட்டு இல்லை. ஊர்க்காரர்கள் நாங்கள் எல்லோரும் முந்தின நாளே வந்து பார்த்துவிட்டு, மேஸ்திரியின் முதுகில் தட்டிவிட்டு, பீர் குடிக்கப் போய்விட்டோம். டாமரிஸுக்கு மட்டும் அது போதவில்லை.

கயிறு சுருட்டிக்கொண்டிருந்த மேஸ்திரி ஜோசியா கரையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அங்க என்னம்மா தேடுற?"

"இது ஏன் விழலன்னு பாக்குறேன்."

"விழத்தான் பாக்குது. ஒவ்வொரு கல்லும் கீழ போகணும்னுதான் நெருக்குது. பக்கத்துக் கல்லு வழி விடணுமே? எல்லாம் ஒரே நேரத்துல விழப் பாக்குறதால ஒண்ணும் விழல."

டாமரிஸ் சிரித்துவிட்டாள். எங்கள் பள்ளத்தாக்குக்கு அவள்தான் மருத்துவச்சி. பெண்களின் இடுப்புக்குள் இருக்கும் எலும்பு வளைவைக் கண்ணால் பார்த்ததில்லை என்றாலும் அவள் விரல்களுக்கு அது அத்துப்படி. ஒரு தலை அதன் அடியில் நெருக்கிக்கொண்டு வரும்போது அந்த வளைவு எப்படித் தாங்குகிறது என்று பல முறை யோசித்திருப்பதாக என்னிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கு அவள் பக்கத்து வீடு. அவள் யோசிப்பதெல்லாம் வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கும் வந்துவிடும். அன்றைக்கு அவள் குனிந்து பாலத்தின் கால் பாறையில் உட்காரும் இடத்தைத் தடவிப் பார்த்தாள். பாறையைப் படி போல வெட்டி அதில் முதல் கல்லை உட்கார்த்தியிருந்தார்கள். ஆற்றின் மிகக் குறுகலான இடம் அதுதான். அதனால்தான் பாதை வந்து சேரும், ஆற்றில் இறங்கிக் கடக்கும் துறையை விட்டுவிட்டு இவ்வளவு மேலே வந்து பாலம் கட்டியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"கைப்பிடிச் சுவர் எப்ப வைப்பீங்க?" என்று கேட்டாள்.

மேஸ்திரி கயிற்றைக் கீழே வைத்தார். "சுவரா? சுவர் வேண்டாம்னுதானே பேச்சு. உன் வீட்டுக்காரரே வந்து சொன்னாரு."

அவள் வீட்டுக்காரன் ஆம்ப்ரோஸ் பொதிக்காரன். பதினாறு மட்டக்குதிரைகளில் கம்பளி மூட்டை ஏற்றி மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய், வரும்போது உப்பும் பீர் காய்ச்சும் மால்ட்டும் ஏற்றிக்கொண்டு வெள்ளிக்கிழமைதான் வீடு திரும்புவான். முன்னால் போகும் பெண் குதிரையின் கழுத்துப் பட்டையில் மணி கட்டியிருக்கும். அந்தச் சத்தம் மேட்டில் கேட்டதும் டாமரிஸ் அடுப்பில் கஞ்சியை ஏற்றுவாள். அந்த வெள்ளிக்கிழமை மணிச் சத்தம் கேட்டும் அவள் அடுப்பைத் தொடவில்லை. வேலியோரம் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன், அல்லது அப்படி ஒரு பாவனையில் நின்றிருந்தேன்.

"சுவர் வேண்டாம்னு சொன்னது நீதானா?"

"நான் மட்டுமா சொன்னேன்? இந்த வழியாப் போற பொதிக்காரன் அத்தனை பேரும் சொன்னான்."

"அவனுங்க பொண்டாட்டி எவளும் மருத்துவச்சி இல்ல."

"டாமரிஸு, பொதி எவ்வளவு பெரிசுன்னு உனக்குத் தெரியாதா? குதிரை வயித்துக்கு ரெண்டு பக்கமும் தள்ளி நிக்குது. சுவர் வச்சா இடிக்கும். இடிச்சா குதிரை மிரளும். முன்னால போறது மிரண்டா பின்னால வர்றது அத்தனையும் மிரளும்."

"அப்ப அகலமாக் கட்டறது."

"கட்டலாமே. கல்லு உங்க அப்பன் வீட்டுலருந்து வருதா?"

கஞ்சி அன்று வெகு நேரம் கழித்துத்தான் கிடைத்தது அவனுக்கு.

அவள் பேச்சிலும் நியாயம் இருந்தது. அக்கரையில் ஏழு பண்ணைகள். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் அங்கே மார்ஜரி என்ற பெண்ணுக்கு வலி கண்டபோது ஆற்றில் குதிரைகூட இறங்க முடியாத வெள்ளம். டாமரிஸ் பையோடு துறையில் நின்றாள். வெள்ளம் வடியவில்லை. மறுநாளும் வந்து நின்றாள். மூன்றாம் நாள் மார்ஜரியின் புருஷன் எதிர்க் கரைக்கு இறங்கி வந்தான். இரைச்சலில் எதுவும் கேட்காது என்பதால் அவன், இறந்தவர்களுக்குச் செய்வதுபோல, தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். டாமரிஸ் திரும்பி வீட்டுக்கு நடந்தாள். அதற்குப் பிறகுதான் திருச்சபையில் பாலத்துக்கு வசூல் ஆரம்பித்தது. ஈயச் சுரங்கத்துக்காரர் ஒரு பங்கு, பொதிக்காரர்கள் ஒரு பங்கு, மீதி நாங்கள். யாருக்காகப் பாலம் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். ஆனால் அந்த வசூலில் முதல் வீட்டுக் கதவைத் தட்டியது டாமரிஸ்தான்.

சுவர் வேண்டும் என்று அவள் சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை என்னிடம் மட்டும்தான் சொன்னாள். மேஸ்திரியிடம் பேசிய அன்று அவர் போன பிறகு அவள் பாலத்தில் ஏறிப் பார்த்திருக்கிறாள். ஏற்றம் நல்ல செங்குத்து. கொஞ்ச தூரம் வரை இரண்டு பக்கமும் கரை தெரிந்தது. அதைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் ஒன்றுமில்லாமல், ஒரு பொதிக்குதிரை போகும் அகலத்துக்கு வெறும் கல் மட்டும் வானத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அந்த இடத்தில் அவள் கால் நின்றுவிட்டது. கடைசியில் உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து இறங்கி வந்திருக்கிறாள்.

வேறு யாராவது என்றால் வெட்கப்பட்டு மறந்திருப்பார்கள். அவளுக்கோ இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தாக வேண்டும். வெள்ளத்தில் குதிரை முதுகில் இடுப்பளவு தண்ணீரில் போனவள் அவள். களஞ்சியத்து ஏணியில் உச்சி வரை ஏறிப் பார்த்தாள், பயமில்லை. தேவாலயக் கோபுரத்து ஜன்னலில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள், பயமில்லை. மறுபடி பாலத்துக்குப் போனாள். கால் அதே இடத்தில் நின்றது. "கையில ஏதாவது பட்டுக்கிட்டு இருந்தாப் போதும்டி. புடிக்கக்கூட வேண்டாம். பட்டாப் போதும்" என்று ஒரு கண்டுபிடிப்பைப் போல வந்து சொன்னாள். முப்பத்தெட்டு வயது வரை தன் உடம்பில் இப்படி ஒன்று இருந்தது தெரியாமலே வாழ்ந்திருக்கிறோமே என்பதுதான் அவளுக்குப் பயத்தைவிடப் பெரிதாகப் பட்டது.

ஊரில் பேச்சு முற்றியது. பாதைகளுக்குப் பொறுப்பாளராக அந்த வருஷம் இருந்த மைல்ஸ் ஃபாசெட் நல்ல மனிதர். யாரையும் பகைத்துக்கொள்ளாமல் இருப்பதற்காக எந்த முடிவையும் எடுக்காமல் இருப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் விட்டு வெளியே வரும்போது டாமரிஸ் அவரை மறித்தாள்.

"ஆளாளுக்குப் பேசிக்கிட்டு இருந்தா என்ன பிரயோஜனம்? அளந்து பாத்துரலாம். எங்க முத்தத்துல குதிரை இருக்கு, பொதி இருக்கு, ஆட்டுப்பட்டித் தட்டி இருக்கு. பாலத்து அகலத்துக்கு ரெண்டு வரிசை தட்டி ஊனுங்க. எந்த உயரத்துல இடிக்குதுன்னு குதிரையே சொல்லட்டும்."

ஆம்ப்ரோஸ் பெருமையோடு தலையாட்டினான். தான் ஜெயிப்பது உறுதி என்று அவனுக்குத் தெரியும். அவளுக்கும் அது ஓரளவு தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் பார்க்காமல் இருக்க அவளால் முடியாது.

மேஸ்திரி அளவுக்கோலோடு வந்தார். ஊரே முற்றத்தைச் சுற்றி வேலி மேல் உட்கார்ந்துகொண்டது. முதலில் இடுப்பு உயரத்துக்குத் தட்டிகளை நட்டார்கள். மணிக்குதிரை கம்பளிப் பொதியோடு உள்ளே நுழைந்து நான்கு அடி வைத்ததும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டது. அது முக்கியது; மூட்டை பிதுங்கியது; பிறகு பின்னங்காலில் உட்காரப் போனது. ஆம்ப்ரோஸ் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் ஏதோ சொல்ல, அது ஒரே உந்தாக உந்தித் தட்டிகளை வரிசையாகச் சாய்த்துக்கொண்டு வெளியே வந்தது. சாய்ந்த தட்டிகளைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அது சுவராகவும் கீழே ஆறாகவும் இருந்திருந்தால் என்ற நினைப்பு எல்லோருக்கும் வந்திருக்கும்.

தொடை உயரத்துக்கு இறக்கினார்கள். உப்புக் கூடை போய்விட்டது. கம்பளிப் பொதி உரசியது. முழங்காலுக்கு இறக்கினார்கள். பதினாறு குதிரையும் ஒன்றன் பின் ஒன்றாக, பொதியின் அடிப்பக்கம் தட்டிக்கு மேலே மிதந்து போவது போல, ஒரு நூல்கூடப் படாமல் போயின. டாமரிஸ் மண்டியிட்டு உட்கார்ந்து அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோற்றுக்கொண்டிருப்பது மறந்து, பார்க்க அழகாக இருந்தது என்றாள் பிறகு.

எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு ஒரு தட்டியின் பக்கத்தில் போய் நின்றாள். அது அவள் முழங்காலில் இடித்தது.

"இந்த உயரத்துக்குச் சுவர் வைக்கிறதுக்கு வைக்காமலே இருக்கலாம். கால்ல தட்டித் தலைகீழாத் தள்றதுக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்கு."

"அதையேதான் நானும் சொல்றேன், வைக்காம இருக்கலாம்னு," என்றான் ஆம்ப்ரோஸ். வேலி மேல் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"நீ வாரம் ரெண்டு தரம் அதுல போறே. பயமா இல்லையா?"

"எனக்கென்ன பயம்? நடக்கத் தெரிஞ்சவன் நடக்குறான்."

"சரி. குதிரை இல்லாம போ. என் பாவாடையைக் கட்டிக்கிட்டு, என் மேலங்கியைப் போட்டுக்கிட்டு, என் பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டு வா. அதுக்கப்புறம் நான் வாயைத் தொறந்தா என்னன்னு கேளு."

சிரிப்பு வேறு பக்கம் திரும்பியது. ஆம்ப்ரோஸ் கோபக்காரன் இல்லை. வேடிக்கை என்றால் முன்னால் நிற்பவன். அவளுடைய கனத்த கம்பளிப் பாவாடை இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டு, மேலங்கியைக் கழுத்தில் முடிந்துகொண்டு, இடுப்பை ஆட்டி நடந்து காட்டினான். பிள்ளைகள் பின்னாலேயே ஓடினார்கள். மதியத்துக்கு மேல் மேற்கே இருந்து காற்று எழும்பியிருந்தது. எங்கள் பக்கத்தில் அது பெரிய காற்று இல்லை.

பாலத்தில் ஏறும்போதும் அவன் ஆடிக்காட்டிக்கொண்டுதான் போனான். பாதி ஏற்றத்தில் ஆட்டத்தை நிறுத்தினான். உச்சிக்கு வந்தபோது காற்று மேலங்கிக்குள் புகுந்து அதை அப்படியே தூக்கியது. பாவாடை ஒரு பக்கமாக ஊதிக்கொண்டு காலோடு சுற்றியது. ஒரு கையில் பை. மறு கையை அவன் பக்கவாட்டில் நீட்டினான். அங்கே வழக்கமாகக் குதிரையின் தோள் இருக்கும். காற்றைத்தான் பிடித்தான். அடுத்த நொடி அவன் தொப்பென்று உட்கார்ந்துவிட்டான். கரையில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். டாமரிஸ் சிரிக்கவில்லை. அவன் கை நீண்டதைப் பார்த்தாள். தான் கண்டுபிடித்ததை அவனும் கண்டுபிடித்துவிட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது.

இறங்கி வந்தவன் பாவாடையை அவிழ்த்து மடித்து அவளிடம் கொடுத்தான்.

"இது உடுப்பு இல்ல, கப்பல் பாய்," என்றான் மெதுவாக. பிறகு, "நான் ஊர்ல இருக்கிறப்பல்லாம் உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

"வாரத்துல ரெண்டு நாள்தான் நீ ஊர்ல இருக்கே. பிள்ளைங்க அந்த ரெண்டு நாள் பாத்தா பொறக்குது?"

பொதியைச் சிறிதாக்க முடியாது. வியாபாரி ஒப்புக்கொள்ள மாட்டான். பாலத்தைப் பெரிதாக்க முடியாது. ஒருவர் சொல்வது தப்பாக இருந்தால் சண்டை சீக்கிரம் முடிந்திருக்கும். வீட்டில் அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். அதைப் பார்க்க எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

கடைசியில் ஃபாசெட் தன் வழக்கப்படி இரண்டு பேருக்கும் நடுவில் போய் விழுந்தார். முழங்கால் உயரத்துக்குச் சுவர் என்று சொல்லிவிட்டார். பொதிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அக்கரைப் பெண்கள், இதை யார் கேட்டது என்றார்கள். மேஸ்திரி ஜோசியா மட்டும் சந்தோஷமாகக் கல் செதுக்கினார். "ரெண்டு தரப்புக்குமே புடிக்கலன்னா அளவு சரியா இருக்குன்னு அர்த்தம்" என்றார். அக்டோபர் முடிவதற்குள் வேலை முடித்து, கழுதையில் சாமான் ஏற்றிக்கொண்டு அதே பாலத்தின் வழியாகத்தான் அவர் போனார்.

அதற்கப்புறம் டாமரிஸ் நாலைந்து முறை அக்கரைக்குப் போய்வந்தாள். ஆம்ப்ரோஸ் இருந்தால் மணிக்குதிரையின் பிடரியில் ஒரு கை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தாள். இல்லாதபோது கூப்பிட வருகிறவர்கள் குதிரை கொண்டுவந்தார்கள். ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஏறும்போது உடம்பு பின்னால் சாயும், இறங்கும்போது முன்னால் சாயும். நடுவில் ஒரு கணம் எந்தப் பக்கமும் சாயாது. அப்போது உச்சி வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வாளாம்.

டிசம்பரில் ஒரு மத்தியானம் அக்கரையில் சைமனின் பண்ணை மதில் மேல் வெள்ளைப் படுக்கை விரிப்பு தொங்கியது. அதுதான் அடையாளம் என்று பேசி வைத்திருந்தார்கள். சைமனின் மனைவி எலிநோருக்கு இது தலைப்பிரசவம். இன்னும் மூன்று வாரமாவது ஆகும் என்று டாமரிஸ் கணக்குப் போட்டிருந்தாள். காற்றென்றால் அன்றைக்குத்தான் காற்று. ஆலங்கட்டியைப் பக்கவாட்டில் வாரி அடித்தது. ஆம்ப்ரோஸ் மலைக்கு அந்தப் பக்கம். ஊரில் இருந்த இரண்டு குதிரையும் லாயத்தை விட்டு வரமாட்டேன் என்றன. நான் அவளோடு பாலம் வரை போனேன்.

"அவங்க குதிரை கொண்டு வருவாங்க, இரு," என்றேன்.

"இந்தக் காத்துல எந்தக் குதிரை வரும்?"

பையைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு அவள் ஏறத் தொடங்கினாள். கரை முடிகிற இடத்தில் நின்றாள். நான் கீழே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய மேலங்கி முதலில் படபடத்தது, பிறகு விறைத்துக்கொண்டு ஒரு பக்கமாக அவளை இழுத்தது. சுவர் அவள் முழங்காலில் இருந்தது. அவள் சொன்னதுபோலத் தள்ளிவிடுவதற்கென்றே வைத்த மாதிரி. திரும்பி வந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். வரட்டும் என்றும் நினைத்தேன். ஆனால் அவள் பையைக் கழற்றித் தனக்கு முன்னால் கல்லின் மேல் வைத்தாள். பாவாடையை அள்ளி இடுப்பில் செருகினாள். பிறகு கையையும் முழங்காலையும் ஊன்றிக் குனிந்துகொண்டாள். என் கண்ணிலிருந்து மறைந்துவிட்டாள்.

அதற்கப்புறம் நடந்தது அவள் சொல்லி எனக்குத் தெரியும். குனிந்த மாத்திரத்தில் காற்று தலைக்கு மேலே போய்விட்டதாம். இரண்டு பக்கமும் தோள் உயரத்துக்குச் சுவர். ஆறு தெரியவில்லை, இரைச்சல்கூடக் கொஞ்சம் தள்ளிப் போன மாதிரி இருந்தது. அவளுக்கென்று ஒரு சந்து போட்டுக் கொடுத்ததுபோல் இருந்தது. கையை நீட்டினால் பட்டது. நீட்டாவிட்டாலும் தோளில் பட்டது. பையை ஒரு முழம் தள்ளுவாள், பின்னால் தவழ்வாள், மறுபடி தள்ளுவாள். ஜோசியாவின் உளித்தழும்புகள் ஒவ்வொரு கல்லிலும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதைக் கவனித்தாள். கற்களின் இடுக்கில் சாணமும் அதில் சிக்கிய கம்பளி நூலும் இருந்தன. மேலே நடக்கிறவர்கள் யாரும் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாளாம். எலிநோரை நினைக்க வேண்டிய நேரத்தில் இதையெல்லாம் நினைக்கிறோமே என்றும் நினைத்தாளாம்.

உச்சியில் அவளுடைய பை எதன் மேலோ போய் முட்டியது. நிமிர்ந்து பார்த்தாள். மறுபக்கமிருந்து ஓர் ஆள் அதே மாதிரி கையும் காலும் ஊன்றி வந்துகொண்டிருந்தான். பெரிய உடம்பு, முகமெல்லாம் ஆலங்கட்டி ஈரம்.

"யாரது? சைமனா?"

"ஆமா. உங்களைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்."

"அதான் பாத்தாலே தெரியுதே."

"குதிரை வரமாட்டேன்னுடுச்சு. எனக்கு... இங்க கால் வழுக்கிருச்சு."

"எனக்கும் அதே இடத்துலதான் வழுக்குச்சு," என்றாள் டாமரிஸ். "சரி, திரும்பு. போவோம்."

அவன் அசையவில்லை. கண்கள் மட்டும் சுவரின் மேல்விளிம்பு வரை போய், அதைத் தாண்டாமல் திரும்பி வந்தன.

"திரும்பணும்னா எந்திரிக்கணுமே."

மேலே காற்று ஆலங்கட்டியை ஆற்றைத் தாண்டி வாரிக்கொண்டு போனது.

"திரும்ப வேண்டாம். அப்படியே பின்னால போ. என் முகத்தைப் பாத்துக்கிட்டே போ. வலி எப்ப ஆரம்பிச்சுது?"

"காலையில. பாலு கறக்கிறப்ப."

"பனிக்குடம் உடைஞ்சுதா? தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சு. நிறைய."

"என்ன நிறம்? நல்லா யோசிச்சுச் சொல்லு."

அவன் ஒரு காலைப் பின்னால் நீட்டித் தடவிப் பார்த்து ஊன்றினான். பிறகு மறு காலை. அவனுடைய தோள்கள் இரண்டு பக்கச் சுவரிலும் மாறி மாறி உரசின. அவள் பையைத் தள்ளிக்கொண்டு பின்தொடர்ந்தாள். இறக்கத்தில் அவன் முகம் அவளுக்குக் கீழே இறங்கிக்கொண்டே போனது. கண் மட்டும் அவளை விட்டு அகலவில்லை. அவள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். அவன் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு அடி வைத்துவிட்டுப் பதில் சொல்லிக்கொண்டே போனான்.